'கன்சல்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சரியாகக் கையாள்வது எப்படி? – முழுமையான வழிகாட்டி

இருமல் மருந்துப் புட்டியின் அட்டையில் பொடி எழுத்தில் அச்சாகும் எச்சரிக்கை, ஊழியர் கையேட்டின் விதிமுறைகள், அரசு ஆணைகள், நீதிமன்றத் தீர்ப்புகள் என எங்கு பார்த்தாலும் 'கன்சல்ட்' என்ற ஆங்கில வினைச்சொல் தென்படுகிறது. தமிழ்ப் பேச்சிலும் அது 'டாக்டரை கன்சல்ட் பண்ணிட்டீங்களா?' என்று இயல்பாகக் கலந்துவிட்டது. பேச்சில் பெரிய சிக்கல் எழுவதில்லை. 'பண்ணு' என்ற துணைவினை எல்லாவற்றையும் சமாளித்துவிடும். ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சலோ விண்ணப்பமோ எழுத உட்காரும்போதுதான், அந்தச் சொல்லுக்குப் பிறகு 'டு' போடுவதா, 'வித்' போடுவதா, எதுவுமே போடாமல் விடுவதா என்ற தயக்கம் வருகிறது.

இச்சொல்லைப் பொறுத்தவரை இலக்கண விதிகளை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு வாக்கியத்திலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பதே பயன் தரும் என்பது என் கருத்து. ஆலோசனையை நாடுபவர் யார்? அதைத் தருபவர் யார்? கடைசி முடிவு யார் கையில் இருக்கிறது? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் எந்த இடைச்சொல் வரும், இந்தச் சொல்லே பொருந்துமா பொருந்தாதா என்பதெல்லாம் பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே செல்கின்றன. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன்.

படி 1: அடிப்படைப் பொருளைப் பிடித்துக்கொள்வது

'கன்சல்ட்' என்றால், ஒரு முடிவெடுப்பதற்கு முன்போ ஒரு செயலில் இறங்குவதற்கு முன்போ, விவரம் அறிந்த ஒருவரிடம் கருத்தோ ஆலோசனையோ கேட்பது. 'யூ ஷுட் கன்சல்ட் எ லாயர் பிஃபோர் சைனிங் திஸ்' என்றால், இதில் கையெழுத்திடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்பது நல்லது என்று பொருள். எழுவாயாக நிற்பவர் கேட்பவர். செயப்படுபொருளாக நிற்பவர் சொல்பவர். வழக்கறிஞர் என்ன சொன்னாலும் கையெழுத்திடுவதும் இடாமல் விடுவதும் கேட்டவரின் விருப்பம். அனுமதி கேட்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். அனுமதி மறுக்கப்பட்டால் செயல் நின்றுவிடும். ஆலோசனை எதிராக அமைந்தால் செயல் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மனிதர்களிடம் மட்டும் அல்லாமல் நூல்கள், வரைபடங்கள், அட்டவணைகள், ஆவணங்கள் ஆகியவற்றைப் புரட்டி ஒரு தகவலைத் தேடி எடுப்பதற்கும் இதே சொல் வரும். 'கன்சல்ட் எ டிக்ஷனரி' என்றால் அகராதியைப் பார்ப்பது. 'கன்சல்ட் த மேனுவல்' என்றால் இயந்திரத்துடன் வந்த கையேட்டைப் பார்ப்பது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரு நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பதற்கு இச்சொல் வராது. ஒரு குறிப்பிட்ட ஐயம் இருக்க வேண்டும், அதற்கான விடையைத் தேடி அந்த நூலை எடுத்திருக்க வேண்டும். அதனால்தான் ரயில் கால அட்டவணையை 'கன்சல்ட்' செய்யலாம், பொழுதுபோக்குக்காகப் படிக்கும் நாவலை அப்படிச் செய்ய முடியாது. ஆங்கிலக் கதைகளில் 'ஹி கன்சல்டட் ஹிஸ் வாட்ச்' என்ற தொடர் அடிக்கடி வரும். கைக்கடிகாரத்தில் மணி பார்த்தார் என்பதைச் சற்றே மிடுக்காகச் சொல்லும் முறை அது. அன்றாட எழுத்தில் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை.

சொல்லின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. கலந்து ஆராய்தல், ஆலோசனை பெறுதல் என்ற பொருள்களைத் தரும் 'கான்சுலேரே' என்ற வினையின் வழியில் பிறந்து, பிரெஞ்சு வழியாக 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ரோமானியக் குடியரசில் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட இரு தலைமை ஆட்சியாளர்களின் பதவிப் பெயரான 'கான்சல்' என்பதும் இந்த வினையோடு உறவுடையதாகவே கருதப்படுகிறது. அந்தப் பதவிப் பெயர் இன்று தூதரகங்களில் உயிர்வாழ்கிறது. விசாவுக்காகச் சென்னையின் ஜெமினி மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன் வரிசையில் நிற்பவர்கள் வாயிலில் பார்க்கும் 'கான்சுலேட்' என்ற சொல்லும், மருந்துப் புட்டியில் உள்ள 'கன்சல்ட்' என்ற சொல்லும் தூரத்து உறவினர்கள்.

படி 2: உச்சரிப்பு

வினைச்சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். முதல் அசையான 'கன்' மங்கலாகவும் குறுகியும் ஒலிக்க, 'சல்ட்' ஓங்கி ஒலிக்கும். 'கன்சல்டன்ட்' என்ற சொல்லிலும் அழுத்தம் 'சல்' என்ற அசையிலேயே இருக்கும். 'கான்சல்டேஷன்' என்ற பெயர்ச்சொல்லில் அது 'டே' என்ற அசைக்கு நகர்ந்துவிடுவதோடு, முதல் அசையும் 'கான்' என்று தெளிவாகிவிடுகிறது. அமெரிக்க மருத்துவர்கள் பெயர்ச்சொல்லாகவே 'கான்சல்ட்' என்று சொல்லும்போது முதல் அசையை அழுத்துவதுண்டு.

படி 3: இடைச்சொல் இல்லாமல் எழுதப் பழகுவது

தமிழர்கள் எழுதும் ஆங்கிலத்தில் மிகுதியாகக் காணப்படும் பிழை 'ஐ கன்சல்டட் டு த டாக்டர்' என்பது. இது ஏன் வருகிறது என்பது எளிதில் புரியும். 'டாக்டரிடம் கேட்டேன்', 'டாக்டரிடம் ஆலோசித்தேன்' என்று தமிழில் வேற்றுமை உருபோடு சொல்லிப் பழகியதால், அந்த 'இடம்' என்ற உருபுக்கு நிகராக ஆங்கிலத்திலும் ஏதேனும் ஒன்றைப் போட்டாக வேண்டும் என்று மனம் தேடுகிறது. ஆனால் ஆங்கிலத்தில் இது நேரடியாகச் செயப்படுபொருளை ஏற்கும் வினை. 'ஐ கன்சல்டட் த டாக்டர்' என்று எழுதினால் போதும். தமிழில் 'டாக்டரைப் பார்த்தேன்' என்று சொல்லும்போது வரும் இரண்டாம் வேற்றுமையை நினைவில் வைத்துக்கொண்டால் 'டு' போடும் பழக்கம் விட்டுப்போகும்.

எதைப் பற்றிக் கேட்டோம் என்பதைச் சேர்க்க வேண்டுமானால் 'அபவுட்' பொதுவானது: 'ஷி கன்சல்டட் ஹர் ஆடிட்டர் அபவுட் த டாக்ஸ் நோட்டீஸ்'. 'ஆன்' சற்று அலுவலகத் தன்மை உடையது. 'ஓவர்' என்பது சர்ச்சைக்குரிய விஷயங்களில் வரும்.

இந்த வினைக்குப் பிறகு 'தட்' என்று தொடங்கும் துணைவாக்கியம் வராது என்பதையும் கவனிக்க வேண்டும். 'ஐ கன்சல்டட் ஹிம் வெதர் டு செல் த ஹவுஸ்' என்பதும் குறையுடைய வாக்கியமே. 'அபவுட் வெதர் டு செல்' என்று இடையில் 'அபவுட்' வந்தாக வேண்டும். செயப்பாட்டு வினையில் இச்சொல்லுக்குத் தனி வலிமை உண்டு. 'ஐ வாஸ் நாட் கன்சல்டட்' என்று ஒருவர் எழுதினால், அது வெறும் தகவல் இல்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற மனக்குறை அதில் இருக்கிறது. அலுவலகக் கடிதத்தில் இத்தொடரை எழுதுவதற்கு முன், அந்தக் குறையை வெளிப்படுத்தத்தான் வேண்டுமா என்று ஒருமுறை யோசிப்பது நல்லது.

படி 4: 'வித்' எப்போது வரும்

'கன்சல்ட் வித்' என்று எழுதுவது தவறு என்று சில ஆசிரியர்கள் கற்பிக்கிறார்கள். அது முழு உண்மை அன்று. 'வித்' சேரும்போது பொருள் சற்றே திரும்புகிறது. 'த மினிஸ்டர் கன்சல்டட் வித் ஹிஸ் கொலீக்ஸ்' என்றால், அமைச்சர் தம் சகாக்களோடு கலந்து பேசினார் என்று பொருள். இங்கே இரு தரப்பும் ஏறத்தாழச் சமமானவர்கள். பேச்சு இரு பக்கமும் ஓடுகிறது. மருத்துவரிடமோ வழக்கறிஞரிடமோ போகும்போது அறிவு ஒரு பக்கமாகக் குவிந்திருப்பதால் 'வித்' இல்லாத வடிவமே இயல்பு. அமெரிக்க ஆங்கிலத்தில் 'கன்சல்ட் வித் யுவர் டாக்டர்' என்று எழுதுவது பரவலான வழக்கம். ஆகவே அந்நாட்டு மருந்து விளம்பரத்தில் அதைப் பார்த்தால் பிழை என்று கருத வேண்டாம். இந்தியாவிலும் பிரிட்டனிலும் எழுதுபவர்களுக்கு என் பரிந்துரை: நிபுணரிடம் கேட்டால் 'வித்' வேண்டாம், கூட்டாளிகளோடு கலந்து பேசினால் 'வித்' போடலாம்.

படி 5: திசை மாறும் இடங்கள்

இதுவரை எழுவாயாக நின்றவர் ஆலோசனை கேட்பவர். 'ஃபார்' வந்து சேர்ந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். 'ஷி கன்சல்ட்ஸ் ஃபார் எ கார்மென்ட் எக்ஸ்போர்ட்டர்' என்றால், அவர் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு ஆலோசகராகப் பணிபுரிகிறார் என்று பொருள். கேட்பது நிறுவனம், சொல்வது அவர். ஊதியம் பெறுபவரும் அவரே. தன்விவரக் குறிப்பில் 'ஐ கன்சல்டட் த்ரீ கம்பெனிஸ்' என்று எழுதும் ஒருவர், தாம் மூன்று நிறுவனங்களுக்கு ஆலோசனை வழங்கியதாகச் சொல்ல நினைக்கிறார். படிப்பவருக்கோ, அவர் மூன்று நிறுவனங்களிடம் போய் ஆலோசனை கேட்டதாகத் தோன்றும். ஒரே ஒரு 'ஃபார்' விடுபட்டதால் ஆலோசகர் வாடிக்கையாளராகிவிடுகிறார். நேர்காணலுக்கு அனுப்பும் ஆவணத்தில் இந்தப் பிழை இருந்தால் இழப்பு சிறியதாக இருக்காது.

மருத்துவர்களைப் பற்றிப் பேசும்போதும் இந்தத் திசைக் குழப்பம் நேர்கிறது. 'த டாக்டர் கன்சல்டட் தி பேஷன்ட்' என்று எழுதினால், மருத்துவர் நோயாளியிடம் ஆலோசனை கேட்டார் என்றுதான் பொருள்படும். நோயாளியின் விருப்பத்தைக் கேட்டறிந்தார் என்று சொல்ல விரும்பினால் அது சரியே. மருத்துவர் நோயாளியைப் பார்த்தார் என்றால் 'ஸா', பரிசோதித்தார் என்றால் 'எக்ஸாமின்ட்'. அதே நேரத்தில், 'டாக்டர் கன்சல்ட்ஸ் ஆன் வீக்டேஸ்' என்று செயப்படுபொருள் இல்லாமல் அறிவிப்புப் பலகையில் எழுதுவது ஏற்கத்தக்க வழக்கு. அவர் வார நாட்களில் நோயாளிகளைப் பார்ப்பார் என்பது அதன் பொருள். பிரிட்டன் அரசு ஏதேனும் ஒரு திட்டத்தைப் பற்றிப் பொதுமக்களின் கருத்தைத் திரட்டும்போது 'த கவர்ன்மென்ட் இஸ் கன்சல்டிங் ஆன் த ப்ரபோசல்' என்று செய்தியாளர்கள் எழுதுவார்கள். அங்கே கேட்பது அரசு, சொல்ல வேண்டியவர்கள் மக்கள்.

படி 6: சொற்குடும்பத்தைப் பிரித்தறிவது

'கான்சல்டேஷன்' என்பது ஆலோசனை பெறும் நிகழ்வு, கலந்தாய்வு, மருத்துவரைப் பார்க்கும் அமர்வு ஆகிய மூன்றையும் குறிக்கும். 'இன் கான்சல்டேஷன் வித்' என்ற தொடர் அலுவலக ஆங்கிலத்தின் உயிர்நாடி. 'கலந்தாலோசித்து' என்பதற்கு நிகர். மருத்துவமனைகளில் இதைச் சுருக்கி 'கன்சல்ட்' என்பதையே பெயர்ச்சொல்லாக்கிவிட்டார்கள். ஒரு துறை மருத்துவர் தம் நோயாளிக்காக இதயநோய் நிபுணரின் கருத்தைக் கோருவதை 'எ கார்டியாலஜி கன்சல்ட்' என்பார்கள். இது வெறும் பேச்சுவழக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவில் 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளிலேயே 'ஃபர்ஸ்ட் கன்சல்ட்', 'ஃபாலோ-அப் கன்சல்ட்' என்ற கலைச்சொற்கள் இடம்பெற்றுள்ளன. அதே மருத்துவரை, அதே உடல்நலச் சிக்கலின் தொடர்ச்சிக்காக ஆறு மாதத்துக்குள் மீண்டும் அணுகினால்தான் அது தொடர் ஆலோசனை. ஆறு மாதம் கடந்துவிட்டாலோ, நோய் வேறாக இருந்தாலோ, முன்பு பார்த்த மருத்துவரே ஆனாலும் அது முதல் ஆலோசனையாகவே கொள்ளப்படும். எந்த மருந்தை எழுதித் தரலாம் என்பதே இந்த வேறுபாட்டைப் பொறுத்து மாறுவதால், மருத்துவப் பதிவேடுகளை எழுதுபவர்கள் இந்த இரண்டையும் மாற்றி எழுதிவிடக் கூடாது.

'கன்சல்டன்ட்' என்பவர் ஆலோசகர். ஆனால் பிரிட்டன் மருத்துவமனைகளில் அது ஒரு பதவி நிலை. பயிற்சியை எல்லாம் முடித்து, ஒரு துறையின் முழுப் பொறுப்பை ஏற்கும் மூத்த நிபுணரையே அப்பெயர் குறிக்கும். இந்தியத் தனியார் மருத்துவமனைகளில் 'விசிட்டிங் கன்சல்டன்ட்' என்றால், அங்கே முழுநேர ஊழியராக இல்லாமல் குறிப்பிட்ட நேரங்களில் வந்து நோயாளிகளைப் பார்ப்பவர். பொறியியல், கட்டுமானம், வருமான வரி, வாஸ்து, ஜோதிடம் என எல்லாத் துறையிலும் இந்தப் பெயர்ப்பலகை தொங்குவதால், ஒருவர் தம்மை 'கன்சல்டன்ட்' என்று மட்டும் சொன்னால் அவரது தகுதி பற்றி எதுவும் தெரிந்துவிடாது. எந்தத் துறை, யாருக்காக என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அச்சொல்லுக்குப் பொருள் உண்டு.

'கன்சல்டன்சி' என்பது ஆலோசனை வழங்கும் தொழில் அல்லது நிறுவனம். 1968-இல் தொடங்கப்பட்ட டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் தன் பெயரிலேயே இதைத் தாங்கி நிற்கிறது. சென்னையில் வேலை தேடும் இளைஞர்களிடம் இச்சொல்லுக்கு இன்னொரு பொருள் நிலைத்துவிட்டது: ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கும் வேலை தேடுபவர்களுக்கும் இடையில் நிற்கும் முகவர் அலுவலகம். 'கன்சல்டன்சி மூலமா போனேன்' என்று இங்கே சொன்னால் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டு நிறுவனத்துக்கு அதே பொருளில் எழுதினால் புரியாது. அங்கே 'ரெக்ரூட்மென்ட் ஏஜென்சி' என்று எழுத வேண்டும்.

'கன்சல்டேட்டிவ்' என்ற பெயரடை, ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே உடைய குழுக்களுக்குப் பெரும்பாலும் வரும். ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 71-ஆம் உறுப்பின் அடிப்படையில் அரசுசாரா அமைப்புகளுக்கு வழங்கப்படும் 'கன்சல்டேட்டிவ் ஸ்டேட்டஸ்' அப்படிப்பட்டது. பேசலாம், வாக்களிக்க முடியாது. இதற்கு நேர்மாறான ஒரு பயன்பாடும் உண்டு என்பது வியப்பு. 1959-ஆம் ஆண்டின் அன்டார்க்டிகா உடன்படிக்கையில் 'கன்சல்டேட்டிவ் பார்ட்டி' என்று அழைக்கப்படும் நாடுகளுக்குத்தான் முடிவெடுக்கும் உரிமையே இருக்கிறது. மற்ற உறுப்பு நாடுகள் கூட்டத்தில் கலந்துகொள்வதோடு சரி. இந்தியா 1983-இல் அந்தத் தகுதியைப் பெற்றது.

படி 7: அண்டைச் சொற்களோடு கலக்காமல் பார்த்துக்கொள்வது

'அட்வைஸ்' என்பது சொல்பவரின் செயல். 'கன்சல்ட்' கேட்பவரின் செயல். 'மை லாயர் அட்வைஸ்ட் மீ டு வெயிட்' என்று வரலாம், 'மை லாயர் கன்சல்டட் மீ டு வெயிட்' என்று வரவே வராது. பெயர்ச்சொல்லான 'அட்வைஸ்' ஆங்கிலத்தில் எண்ண முடியாத சொல்லாக இருப்பதால் 'அன் அட்வைஸ்' என்றும் எழுதக் கூடாது. எழுத்துக் கூட்டலில் பெயர்ச்சொல்லுக்கு 'சி' எழுத்தும் வினைச்சொல்லுக்கு 'எஸ்' எழுத்தும் வரும். 'ரெஃபர் டு' என்பது நூலைப் பார்ப்பதற்கு 'கன்சல்ட்' போலவே வரும், ஆனால் அதற்கு மட்டும் 'டு' கட்டாயம். இந்த இரண்டையும் கலந்து 'கன்சல்ட் டு த டிக்ஷனரி' என்று எழுதுபவர்கள் பலர். 'கான்டாக்ட்' என்பது தொடர்புகொள்வது மட்டுமே. மேலும் விவரங்களுக்கு அழையுங்கள் என்று சொல்ல 'ப்ளீஸ் கன்சல்ட் மீ' என்று எழுதினால், தம்மையே ஒரு நிபுணராக அறிவித்துக்கொள்வது போல ஆகிவிடும்.

'கவுன்சல்' என்ற சொல், 'கான்சுலேரே' வினையோடு உறவுடைய 'கான்சிலியம்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்து, ஆழ்ந்த அறிவுரை, நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர் ஆகிய பொருள்களில் வழங்குகிறது. அதன் வழிவந்த 'கவுன்சலிங்' தமிழ்நாட்டில் ஒரு தனிச் சிக்கலைக் கிளப்புகிறது. பொறியியல், மருத்துவச் சேர்க்கைக்காகத் தரவரிசைப்படி மாணவர்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் நடைமுறையை ஆங்கிலத்தில் 'கவுன்சலிங்' என்றும் தமிழில் 'கலந்தாய்வு' என்றும் அழைக்கிறோம். ஆனால் 'கான்சல்டேஷன்' என்பதற்கும் கலந்தாய்வு என்றே மொழிபெயர்ப்பதால், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்க்கும்போது 'இன்ஜினியரிங் அட்மிஷன் கான்சல்டேஷன்' என்று தவறாக எழுதிவிட வாய்ப்பு உண்டு. மனநல ஆலோசனைக்கும் 'கவுன்சலிங்'தான் வரும். தமிழில் ஒரே சொல்லாக இருப்பவற்றை ஆங்கிலத்தில் இடம் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

'இன்ஃபார்ம்' என்பது தகவல் சொல்வது; அது ஒருவழிப் பாதை. 'கன்சல்ட்' இருவழிப் பாதை. நிறுவனங்களில் ஒரு பணிக்கு யார் யார் என்னென்ன பொறுப்பு என்று வகுக்கும் 'ரேஸி' அட்டவணையில், செய்பவர், பொறுப்பேற்பவர் என்பவற்றுக்கு அடுத்து 'கன்சல்டட்', 'இன்ஃபார்ம்ட்' என்ற இரண்டையும் தனித்தனி நிரல்களாக வைத்திருப்பது இந்த வேறுபாட்டுக்காகவே. முன்னவரிடம் வேலை முடிவதற்குள் கருத்துக் கேட்க வேண்டும். பின்னவருக்கு என்ன நடந்தது என்று தெரிவித்தால் போதும்.

படி 8: சட்டத்திலும் அரசாணையிலும் இச்சொல் சுமக்கும் எடை

முடிவு யார் கையில் என்ற மூன்றாவது கேள்வி, இந்தியாவில் ஓர் அரசியலமைப்புப் போராட்டமாகவே நடந்திருக்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் நியமிப்பது பற்றிய 124-ஆம் உறுப்பும், உயர் நீதிமன்ற நீதிபதிகளைப் பற்றிய 217-ஆம் உறுப்பும் 'ஆஃப்டர் கான்சல்டேஷன் வித்' என்ற தொடரையே பயன்படுத்தின. கேட்டால் போதுமா, கேட்டபடி நடக்க வேண்டுமா என்ற ஐயம் வரைவின்போதே எழுந்தது. தலைமை நீதிபதியின் 'கன்கரன்ஸ்', அதாவது இசைவு, கட்டாயம் என்று திருத்த வேண்டும் என்ற கோரிக்கைகளுக்கு 1949 மே 24 அன்று அரசியல் நிர்ணய சபையில் பதிலளித்த அம்பேத்கர், நீதிபதி நியமனத்தில் தலைமை நீதிபதிக்குத் தடுப்பதிகாரம் வழங்குவது ஆபத்தானது என்று கூறி அதை ஏற்க மறுத்தார். ஆகவே 'கான்சல்டேஷன்' என்ற சொல் தெரிந்தேதான் வைக்கப்பட்டது.

அது வெறும் சடங்காகிவிடக் கூடாது என்பதிலும் நீதிமன்றங்கள் கவனமாக இருந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த கே. சுப்பா ராவ், பின்னாளில் இந்தியத் தலைமை நீதிபதியானவர், 'கன்சல்ட்' என்ற சொல் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மனங்கள் ஒரு பொருளின் மீது கூடி ஆராய்ந்து, சரியான அல்லது நிறைவான ஒரு தீர்வைக் காண்பதைக் குறிக்கும் என்று புஷ்பம் வழக்கில் விளக்கினார். 1953-ஆம் ஆண்டின் தீர்ப்புத் திரட்டில் பதிவான அந்த வரையறை, குஜராத் உயர் நீதிமன்ற நீதிபதி சங்கல்சந்த் சேத்தின் இடமாற்றம் பற்றிய 1977-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற வழக்கிலும் எடுத்தாளப்பட்டது. எல்லா விவரங்களையும் முன்வைத்து, முழுமையாகவும் பயனுள்ள வகையிலும் ஆலோசனை நடக்க வேண்டும். ஆனாலும் சொல்லப்பட்ட கருத்து அரசைக் கட்டுப்படுத்தாது என்பது அப்போதைய நிலை. 1981-இல் எஸ்.பி. குப்தா வழக்கும் அதையே சொன்னது.

1993-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு இதை மாற்றியது. நீதிபதி நியமனத்தில் தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை என்று ஆனபோது, அந்த இடத்தில் 'கான்சல்டேஷன்' என்ற சொல் நடைமுறையில் இசைவு என்ற பொருளைப் பெற்றுவிட்டது. 1998-இல் குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு அளித்த பதிலில், தலைமை நீதிபதியின் கருத்து என்பது அவரும் நான்கு மூத்த நீதிபதிகளும் சேர்ந்த கொலீஜியத்தின் கருத்தே என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இதற்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்ட தேசிய நீதித்துறை நியமன ஆணையம் 2015 அக்டோபர் 16 அன்று செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அகராதியில் மாறாத ஒரு சொல், ஒரு குறிப்பிட்ட உறுப்பில் மட்டும் பொருள் மாறிய அரிய நிகழ்வு இது. இதை மற்ற இடங்களுக்கு நீட்டிவிடக் கூடாது. பணியாளர் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 320-ஆம் உறுப்பில் 'ஷல் பி கன்சல்டட்' என்றே எழுதப்பட்டிருந்தும், அந்த ஆலோசனை நடக்கவில்லை என்பதால் மட்டும் ஓர் ஒழுங்கு நடவடிக்கை செல்லாததாகிவிடாது என்று 1957-இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

குடிமக்கள் இச்சொல்லை நேரில் சந்திக்கும் இடம் சுற்றுச்சூழல் அனுமதி நடைமுறை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 'பப்ளிக் கான்சல்டேஷன்' என்பது இரு பகுதிகளைக் கொண்டது: திட்டம் அமையும் இடத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்று, எழுத்துவழி வரும் கருத்துகள் மற்றொன்று. மேடையில் பேசினால்தான் பங்கேற்பு என்று நினைத்து, எழுதி அனுப்பும் வாய்ப்பைத் தவறவிடுபவர்கள் இருக்கிறார்கள். அரசு ஆவணத்தை மொழிபெயர்ப்பவர்கள் 'பப்ளிக் ஹியரிங்', 'பப்ளிக் கான்சல்டேஷன்' இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லால் குறிப்பதும் இதற்கு ஒரு காரணம். முழு நடைமுறைக்குப் 'பொதுமக்கள் கலந்தாலோசனை' என்றும், கூட்டத்துக்கு மட்டும் 'கருத்துக் கேட்புக் கூட்டம்' என்றும் பிரித்து எழுதலாம்.

படி 9: ஒரு கடிதத்தைத் திருத்திப் பார்ப்பது

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் உறுப்பினர்களுக்கு அனுப்பும் சுற்றறிக்கை ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

"வி ஹேவ் கன்சல்டட் டு அன் இன்ஜினியர் ரிகார்டிங் த லிஃப்ட். ஹி கன்சல்டட் அஸ் டு ரிப்ளேஸ் த மோட்டார். த கமிட்டி கன்சல்டட் த டிசிஷன் டு ஆல் ஓனர்ஸ் ஆன் சண்டே. ஃபார் எனி டவுட்ஸ், ப்ளீஸ் கன்சல்ட் த செக்ரட்டரி."

முதல் வாக்கியத்தில் 'டு' என்பதை எடுத்துவிட்டால் போதும். கேட்டது சங்கம், சொல்ல வேண்டியவர் பொறியாளர் என்பதால் வினை சரியாகவே இருக்கிறது. இரண்டாம் வாக்கியத்தில் சொல்பவர் எழுவாயாகிவிட்டார். ஆகவே 'ஹி அட்வைஸ்ட் அஸ்' என்று மாற வேண்டும். நான்காம் வாக்கியத்தில் செயலாளரிடம் லிஃப்ட் பற்றிய நிபுணத்துவம் எதுவும் இல்லை, தகவல்தான் இருக்கிறது என்பதால் 'கான்டாக்ட்' பொருந்தும். 'டவுட்ஸ்' என்பதைவிட 'கொஸ்டின்ஸ்' நல்லது. ஆங்கிலத்தில் முன்னது ஐயப்பாட்டை மட்டும் அல்லாமல் அவநம்பிக்கையையும் காட்டும்.

மூன்றாம் வாக்கியத்தை இலக்கணத்தால் மட்டும் திருத்திவிட முடியாது. முடிவை முன்பே எடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அறிவித்தார்கள் என்றால் 'த கமிட்டி இன்ஃபார்ம்ட் ஆல் ஓனர்ஸ் ஆஃப் இட்ஸ் டிசிஷன்' என்று எழுத வேண்டும். உரிமையாளர்களின் கருத்தைக் கேட்ட பிறகே முடிவெடுத்தார்கள் என்றால் 'த கமிட்டி கன்சல்டட் ஆல் ஓனர்ஸ் பிஃபோர் டிசைடிங்' என்று எழுத வேண்டும். மோட்டாருக்கான செலவைப் பங்கிடும்போது யாரேனும் 'எங்களைக் கேட்கவே இல்லையே' என்று எழுந்தால், சங்கத்தின் கடிதமே சான்றாக எடுத்து வைக்கப்படும். ஆகவே இந்த இரண்டில் எதைப் போடுவது என்பதை, அன்றைய கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த பிறகே செயலாளர் எழுத வேண்டியிருக்கும்.